எந்த வருடத்து அழுக்கு?

எங்கள் மேல்வீட்டு அக்காவின் எதிரில் எந்தப் பழைய புத்தகத்தையும் பார்த்து அழுக்காக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைய பொழுது போச்சு. நான் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்து அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், மாடியில் ஒரு தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில் ஏறிப் போனேன். மேசையில் ஒரு குட்டிப் புத்தகம் கிடந்தது. "ஐயோ, எவ்வளவு அழுக்கு! துடைச்சு வைக்கக் கூடாதா அக்கா?" என்று கேட்டேன். தேநீர்க் கோப்பையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

"பிள்ளை, குசினிச் சுவரில எண்ணெய் பிடிச்சிருந்தா அது அழுக்கு. துடை. உதில இருக்கிறது ஆக்கள். ஆக்களைத் துடைக்கிறதோ?"

இத்தனைக்கும் அவர் வீடு அவ்வளவு சுத்தமாக இருக்கும். அடுப்பில் ஒரு கடுகு தெறித்துக் கிடந்தால் பொறுக்க மாட்டார். என் செருப்பிலிருந்து மண் உதிர்ந்ததற்கே பலமுறை ஏச்சு வாங்கியிருக்கிறேன். புத்தகத்துக்கு மட்டும் வேறு சட்டம். அந்தச் சட்டம் தெரியாமல் வாயைத் திறப்பவர்கள் ஜெர்மன்காரர்களானாலும் தமிழர்களானாலும் அவருக்கு ஒன்றுதான்.

அந்தக் குட்டிப் புத்தகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோப்புக் கட்டி அளவில், தடிமனாக, கறுத்த தோல் அட்டை போட்ட செக் மொழிக் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகம் அது. முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன் செக் நாட்டில் கத்தோலிக்கத்துக்கு மாற மறுத்தவர்கள் ஊரைவிட்டு ஓடி, மலையைத் தாண்டி ஜெர்மனியின் சாக்சனிக்கு வந்தார்கள். வந்தவர்கள் எல்லையோரச் சிட்டாவ் நகரத்தில் தங்கள் மொழியிலேயே அச்சடித்த புத்தகம். ஓடிவர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு அதைக் கூடையில் ஒளித்து மலைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். ஒளிக்க வசதியாகத்தான் அந்தச் சின்ன அளவு. அகப்பட்டால் புத்தகத்துக்கு நெருப்பு, வைத்திருந்தவருக்குச் சிறை. அக்காவின் பிரதியில் ஒரு மூலை கருகியிருந்தது. சில பக்கங்களில் மெழுகு சொட்டியிருந்தது. பின்னட்டையின் உள்பக்கம் நான்கைந்து பெண்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்தில். வெற்றுத் தாள் ஒன்றில் ஏதோ ஒரு பிள்ளை மையால் கிறுக்கிய கோழி. முதல் தாளில் இரண்டு வரிகள் மட்டும் சிவப்பு மையில் அச்சாகியிருந்தன.

ரொட்டி மாவுக்குள் புத்தகத்தை வைத்துச் சுட்டு ஒளித்தார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, "அதான் அக்கா மூலை கருகியிருக்கு!" என்று ஒருநாள் உருகினேன். அதற்கும் கோபம்.

"ரொட்டிக்குள்ள வைச்சவை எண்டு எல்லாரும்தான் சொல்லுகினம். சிலபேர் வைச்சும் இருப்பினம். உது அடுப்படியில வைச்சுப் படிக்கேக்க கருகியிருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. வடிவான கதை எண்டதுக்காக இல்லாததை ஏத்தாதை."

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் செக் எதற்கு என்று கேட்காத ஆளே கிடையாது. இளம் வயதில் செக் தலைநகர் பிராக்கில் படிக்க உதவித்தொகை கிடைத்துப் போயிருக்கிறார். அச்சுத் தொழில்நுட்பம் படிக்கப் போனவர், பழைய அச்சுப் புத்தகங்களின் பக்கம் சாய்ந்துவிட்டார். ஊரில் சண்டை பெரிதாகித் திரும்ப முடியவில்லை. பிராக்கில் ஆட்சி மாறி உதவித்தொகையும் நின்றது. எல்லையைத் தாண்டி வந்து இங்கே அகதி விண்ணப்பம் போட்டார். இவ்வளவுதான் கதை. ஆனால் கேட்பவர்களுக்கு அவர் இதைச் சொல்லமாட்டார்.

"ஜெர்மன்காரன் சமஸ்கிருதம் படிச்சா ஏன் எண்டு ஆரும் கேக்கிறேல்லை. ஜப்பான்காரன் பியானோ வாசிச்சா கை தட்டுறாங்கள். நான் செக் படிச்சா மட்டும் எல்லாருக்கும் விளக்கம் வேணும். ஏன், எனக்கு விருப்பம் வரக்கூடாதோ?"

இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கும் சேர்த்தே கோபம் வருகிறது. என் அலுவலகத்தில் யாரும் என்னிடம் ஏன் கணினி என்று கேட்டதில்லை, தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் அதைத்தானே செய்வாள் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அவருக்கு வேலை ஒரு பழம்புத்தகக் கடையில். விற்பனைக்கு வரும் பழைய புத்தகங்களுக்கு விவரம் எழுதுவது. எங்கே அச்சானது, எந்த வகைத் தோல், என்ன குறை என்றெல்லாம் எழுத வேண்டும். அந்தக் 'குறை' என்ற இடத்தில்தான் வருடக்கணக்காகச் சண்டை. ஜெர்மன் பழம்புத்தக வியாபாரத்தில் 'ஃபிங்கர்ஃப்ளெக்கிக்' என்று ஒரு சொல் இருக்கிறது. புரட்டியவர்களின் விரல் கறை படிந்தது என்று அர்த்தம். அதைக் குறைகளின் கீழ் எழுதுவதுதான் வழக்கம். அக்கா எழுதமாட்டார். 'வாசித்தவர்கள்' என்று தனியாக ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழே எழுதுவார். முதலாளி அதைக் கோடு போட்டு அடிப்பார். இவர் மறுபடி எழுதுவார்.

ஒருமுறை அது முதலாளியின் கண்ணில் படாமல் அச்சாகிப் போய்விட்டது. 'வாசித்தவர்கள்: பலர், ஆசையோடு' என்று அக்கா எழுதியிருந்ததைப் பாராட்டு என்று நினைத்து ஒரு டாக்டர் அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டார். பிரித்துப் பார்த்துவிட்டு, பக்கமெல்லாம் கை பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். கை படாத புத்தகம்தான் வேண்டுமென்றால் செங்கல் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா அவருக்குப் பதில் எழுதினார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வேலையைவிட்டு அனுப்பியிருப்பார், ஆனால் பழைய செக் எழுத்தை அந்தக் கடையில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

அவருடைய கோபமெல்லாம் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சுக்கலைக் கண்காட்சி ஒன்றுக்கு இருவரும் போயிருந்தோம். வழிகாட்டி ஒரு இளைஞன். அச்சுக்கலை மைன்ஸ் நகரத்தில் பிறந்தது, அங்கிருந்து மற்ற நாடுகளுக்குப் போனது, செக்காரர்களின் பொஹீமியாவும் அதைப் பெற்றுக்கொண்டது என்று சொல்லிக்கொண்டு வந்தான். அக்கா கையைத் தூக்கினார்.

"பெற்றுக்கொண்டதென்றால்? மழை மாதிரியா?" என்று ஜெர்மனில் ஆரம்பித்தார். மற்ற ஊர்களில் பெரும்பாலும் லத்தீனில் அடித்துக்கொண்டிருந்தபோது, பில்சன் நகரத்தில் பெயர் தெரியாத ஒரு மனிதன் ஆரம்பத்திலேயே செக் மொழியில் அச்சடித்தான், அதுவும் வேதப் புத்தகம் அல்ல, ஒரு போர்க் கதை என்று சொல்கிறார்கள், அதை வாங்கிப் படிக்க அந்த ஊர்க் கடைக்காரர்களும் அவர்களின் மனைவிமாரும் காத்திருந்தார்கள், அங்கத்திய சாதாரணப் பெண்களுக்கு வேதம் தெரிந்த அளவு எங்கள் பாதிரிகளுக்குத் தெரியவில்லையே என்று ஒரு இத்தாலியப் பாதிரியே வயிறெரிந்திருக்கிறார், அந்த வாசகர்கள் எங்கே உங்கள் கதையில்? இப்படி நிறுத்தாமல் பொரிந்தார். கூட்டம் முழுவதும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. இளைஞன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செக்கிலேயே ஏதோ சொன்னான். அவன் பில்சனில் பிறந்தவனாம்.

நானாக இருந்தால் அங்கேயே பூமி பிளந்து உள்ளே போயிருப்பேன். அக்காவுக்குக் கோபம் இரட்டிப்பானது. "அப்படியென்றால் உனக்கு மன்னிப்பே கிடையாது" என்று அவனுக்கும் செக்கிலேயே சொன்னதாக வெளியே வந்ததும் எனக்கு மொழிபெயர்த்தார்.

"பாவம் அக்கா, சம்பளத்துக்குச் சொல்ற பையன்" என்றேன்.

"பாவம்தான். அவன்ர பூட்டியையே விட்டுட்டுக் கதை சொல்ல அவனைப் பழக்கிப்போட்டாங்கள். அதுதான் எனக்குப் பத்தி எரியுது."

இனி எசன் கதை. அக்காவின் தம்பி ஜெர்மனியின் மேற்கே எசன் நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாணி விழா, அதாவது சரஸ்வதி பூசை. பிள்ளைகளுக்குப் புத்தகங்களைப் பற்றிப் பேச அக்கா வர வேண்டும் என்று தம்பி கேட்டார். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, நான் கூட்டிப் போனேன். அந்தக் குட்டிப் புத்தகத்தை ஒரு பருத்தித் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வழியெல்லாம் சண்டை. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ்தானே, அதைப் பற்றியும் பேசுங்களேன் என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"அச்சடிச்சது ஆர்? எங்கட சனமோ? பாதிரிமார் தங்கட அலுவலுக்கு அடிச்சவை. பிறகு இஞ்ச பக்கத்தில ஹாலேயில எழுத்து வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினதும் தங்கட அலுவலுக்குத்தான். அதுக்குப் பெருமைப்பட என்ன கிடக்கு?"

நான் அந்தத் தரங்கம்பாடிப் பாதிரிமார் தொடங்கிய லுத்தரன் சபைக் குடும்பம். எனக்குச் சுருக்கென்றது. "எங்க தாத்தாவோட தாத்தா எழுத்துக் கூட்டிப் படிச்சதே அந்தப் புத்தகத்துலதான்கா. அதெல்லாம் ஒண்ணுமில்லையா?"

"அப்ப அந்தப் புத்தகம் எங்க? அவற்ற கை பட்ட புத்தகத்தைத் தேடினியோ? அதைத் தேடு, நானும் வாறன். சும்மா முதல், முதல் எண்டு சொல்லிக்கொண்டு திரியாதை."

நான் தேடவில்லைதான். அதை அவர் சொன்ன விதம்தான் ஆத்திரமாக இருந்தது.

எசனில் மண்டப வாசலில் அவரை இறக்கிவிட்டு நான் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனேன். அவர் புத்தகத்தை முன் மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறார். பக்கத்திலேயே சரஸ்வதி படம், கும்பம், பிள்ளைகளின் பாடப்புத்தகக் குவியல். பூசைக்கு வேண்டியதெல்லாம் செய்துகொண்டிருந்தவர் வசந்தி அக்கா. அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த விழாவானாலும் அதிகாலையில் எழும்பி அவல், கடலை, மோதகம் எல்லாம் செய்துகொண்டு வருகிறவர். ஐயர் மணியை எடுத்துவிட்டார். துணியில் சுற்றிய பழைய புத்தகம் ஒன்று தனியாகக் கிடப்பதை வசந்தி அக்கா பார்த்திருக்கிறார். விரித்தால் பாட்டும் படமுமாக ஏதோ சாமிப் புத்தகம். இருப்பதிலேயே பழையது. அதைக் கீழே விடலாமா? எடுத்துக் குவியலின் மேலே வைத்து, அட்டையில் சந்தனம் தடவி, முதல் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, நடுவே நன்றாகப் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்.

நான் உள்ளே நுழைந்தபோது அக்காவின் அலறல்தான் கேட்டது. ஐயரின் மந்திரம் நின்றுபோனது. பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்? ஆரைக் கேட்டு?"

"சாமிப் புத்தகம் எண்டுதானே அக்கா... பொட்டு வைக்காமல் எப்பிடிப் பூசையில வைக்கிறது?" வசந்தி அக்காவின் கையில் இன்னும் குங்குமச் சிமிழ் இருந்தது.

"மரியாதை செய்யிறம் எண்டு கண்டதிலயும் கண்டதைப் பூசுறதோ? எத்தனை ஆக்கள் உயிரைக் குடுத்துக் காப்பாத்தின புத்தகம் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

தம்பி ஒரு ஈரத் துணியோடு ஓடி வந்தார். தொட்டால் இன்னும் பரவும் என்று அதற்கும் கத்தினார் அக்கா. வசந்தி அக்கா அழுதுகொண்டே சமையலறைக்குள் போய்விட்டார். அக்கா அதே கோபத்தோடு பேசியும் முடித்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, யாழ்ப்பாணத்தில் எங்கட நூலகத்தை எரித்த மாதிரித்தானே செக்காரற்ற புத்தகங்களையும் எரித்திருக்கிறார்கள் என்று கனிவாகத்தான் கேட்டார். "அது வேற, இது வேற. எல்லா நெருப்பையும் ஒரே அடுப்பில வைக்காதேங்கோ" என்று அவரையும் உட்கார வைத்துவிட்டார். கிளம்பும்போது வசந்தி அக்கா ஒரு டப்பாவில் மோதகம் போட்டு என் கையில் கொடுத்தார். "அவவுக்கும் குடுங்கோ" என்றார். அக்கா அதைத் தொடவில்லை. நான் எல்லாவற்றையும் தின்றேன், பிடிவாதமாக.

அடுத்த வசந்த காலத்தில் அக்காவுக்கு உடம்பு சுகமில்லாமல் போனது. என்ன வியாதி என்று அவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்கத் துணிச்சலில்லை. பிள்ளை குட்டி கிடையாது. புத்தகத்தை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும், வாசித்தவர்களின் தடம் எதுவும் அழியாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அப்போது அவருக்குக் கவலை. எல்லையோரச் சிறு ஊர் ஒன்றில், ஓடிவந்த செக் மக்களைப் பற்றி ஒரு காட்சிசாலை இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்கள் ஆசையோடு கேட்டார்கள். அதன் பொறுப்பாளரே நேரில் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. வெள்ளைக் கையுறை கொண்டுவந்திருந்தார். கையைக் கழுவிவிட்டு வெறும் கையால் தொடுங்கள் என்று அக்கா அதைக் கழற்றவைத்தார். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பெயர்களைப் பார்த்து, மனிதர் கண் கலங்கிவிட்டார். பெயர்கள் இருந்த பின்னட்டையை மூடாமலே அக்கா கேட்க ஆரம்பித்தார்.

"இந்த மெழுகை என்ன செய்வீர்கள்?"

"இருக்கட்டும். அது வரலாற்றுத் தடயம்."

"கருகிய மூலை?"

"அதை யாராவது தொடுவார்களா!"

"கோழி?"

"கோழியைத்தான் எங்கள் சுவரொட்டியில் போடப் போகிறோம்."

அக்கா முதல் தாளைத் திருப்பினார். "இந்தச் சிவப்பு?"

"அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கள் ஆட்கள் பக்குவமாக எடுத்துவிடுவார்கள். எப்போது பட்டது?"

"போன அக்டோபரில்."

"அதுதானே. வெறும் அழுக்கு."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் அக்கா கத்தவில்லை. குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"ஒரு அழுக்கு வரலாறாக எத்தனை வருடம் வேண்டும்? சொல்லுங்கள். அதுவரை நான் வைத்திருக்கிறேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. "மெழுகைச் சிந்தியவள் தூக்கக் கலக்கத்தில் சிந்தியிருப்பாள். கோழி வரைந்த பிள்ளை பொழுது போகாமல் கிறுக்கியிருக்கும். இதை வைத்தவள் விடியற்காலையில் குளித்து, பட்டுச் சேலை கட்டி, இந்தப் புத்தகத்தில் கடவுள் இருக்கிறார் என்று நம்பி வைத்தாள். மூன்று பேரில் இவள் ஒருத்திதான் அழுக்கா?"

"அம்மா, எங்களுடையது நாட்டைவிட்டு ஓடிவந்தவர்களைப் பற்றிய காட்சிசாலை. இந்தச் சிவப்பைப் பார்த்தால் வருகிறவர்கள் குழம்புவார்கள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள்."

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "கேட்டியே பிள்ளை, நாட்டை விட்டு ஓடிவந்த ஆக்களைப் பற்றித்தானாம். என்ன சம்பந்தம் எண்டு உவருக்கு விளங்கேல்லையாம்." பிறகு புத்தகத்தைத் துணியில் சுற்றினார். அவர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அக்கா, இப்ப சொன்னதை வசந்தி அக்காகிட்ட ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன். அவங்க இன்னும் அழுதுட்டிருப்பாங்க."

"என்னத்தைச் சொல்லுறது? அவ செய்தது பிழை. என்ன மனசோட செய்தாலும் பிழைதான். ஆனா வைச்சாச்சு. வைச்சதை அழிக்கிறது அதைவிடப் பிழை."

எவ்வளவோ கெஞ்சினேன். போன் போடவே இல்லை. ஊர் உலகத்தில் பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் வக்காலத்து வாங்குகிற மனுஷிக்கு, எசனில் உயிரோடு இருக்கிற ஒருத்தியிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இதை நான் அவருக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அக்கா போய்விட்டார். நான் அப்போது விடுமுறையில் திருச்சியில் இருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எசன் போனபோது, அக்கா ஆசைப்பட்ட அந்தக் காட்சிசாலைக்கே புத்தகத்தைத் தான் கொடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னார். பொறுப்பாளரை அக்கா திருப்பி அனுப்பிய கதை அவருக்குத் தெரியாது. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? அன்றைக்கும் வசந்தி அக்காதான் சமைத்திருந்தார். "அவ என்னோட கோவத்தோடயே போயிட்டா" என்றார். சமையலறையிலேயே நின்று, அந்தப் பொறுப்பாளரிடம் அக்கா பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வசந்தி அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

கோடையில் நான் மட்டும் அந்த ஊருக்குப் போனேன். பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டாராம். புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் தாளில் விரிந்து கிடந்தது. தாளை நீரில் அலசியிருந்தார்கள். மஞ்சள் இல்லை. சந்தனம் இல்லை. மெழுகு இருந்த பக்கங்கள் மூடியிருந்தன, இருக்கிறதா என்று தெரியவில்லை. குங்குமம் மட்டும் முழுக்கப் போகவில்லை. வெளிறிய ரோஜா நிறத்தில் நடுவே வட்டமாக நின்றது. கீழே விளக்க அட்டை: தாளின் நடுவில் தெரிவது அச்சகத்தின் சிவப்பு மை, அச்சிட்ட ஈரத்தில் ஒற்றியதன் மிச்சமாக இருக்கலாம்.

அழுக்கு என்றார்கள், அழித்தார்கள், அழியாமல் நின்றதையும் சிட்டாவ் அச்சுக்காரன் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்! முகப்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இனிமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆதாரம் ஏதாவது இருக்கிறதா? புகைப்படம்?"

என்னிடம் இல்லை. அன்றைக்கு மண்டபத்தில் எல்லாருடைய தொலைபேசியும் அவரவர் பிள்ளைகளைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தது. குறித்துக்கொள்கிறோம் என்றாள். குறித்துக்கொண்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து வசந்தி அக்காவுக்குப் போன் செய்து கத்தினேன். அவர் கத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு வாறன் என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி வந்தார். எசனிலிருந்து விடியவே ரயிலேறி, லைப்சிக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டு, மூன்று ரயில் மாறி, மத்தியானம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றார். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன்.

"பிழை எண்டு சொன்னனீங்களோ?"

"சொன்னேன். ஆதாரம் கேட்டாங்க."

"ஓமோ. வாங்கோ."

முகப்பு மேசையில் அதே பெண். வசந்தி அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஜெர்மனில், வார்த்தை வார்த்தையாக, மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நீங்கள் ஆதாரம் கேட்டீர்களாம். அந்தச் சிவப்பு நான் வைத்தது." வலது கையின் மோதிர விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த விரலால் வைத்தது. பெட்டியைத் திறவுங்கள். வைத்துப் பார்ப்போம்."

அந்தப் பெண் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டியைத் திறக்க முடியாது, எழுத்தில் கொடுத்தால் பரிசீலிப்பார்கள் என்றாள். பரிசீலிக்கிறவரைக் கூப்பிடுங்கள் என்றார் வசந்தி அக்கா. இன்று அவர் இல்லை, இன்னும் சற்று நேரத்தில் மூடிவிடுவோம் என்றாள் அவள். எங்களுக்குப் பின்னால் டிக்கெட்டுக்கு ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வசந்தி அக்கா விரலை இறக்கவில்லை.